இலவம் மெத்தையும் மூட்டைப்பூச்சி மருந்தும்

(வானொலியில் பண்ணை நேயர்களுக்காக ஒலிபரப்பான பேச்சு)



மெத்தையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "விவசாயத்துக்கும் மெத்தைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். இரண்டு சம்பந்தம் உண்டு. மெத்தைக்குள் இருக்கிற இலவம்பஞ்சு நம் தோட்டத்து வேலியோரத்திலும் மலையடிவாரத்திலும் விளைகிற பொருள். நெல்லைக் காயவைத்துக் குதிரில் கொட்டுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிற மாதிரி அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. இது ஒரு சம்பந்தம். இன்னொன்று கவலை தருகிற சம்பந்தம். பருத்திக்கோ கத்தரிக்கோ மருந்து அடித்து முடித்த பிறகு டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். "சார், கட்டில்ல மூட்டைப்பூச்சி தாங்கலை. இதையே மெத்தைக்கும் ரெண்டு விசிறு விசிறிடலாமா?" என்று கேட்பார்கள். ஒரு ஊரில் மட்டும் இல்லை, போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்.

கூடவே கூடாது. இதுதான் பதில். ஆனால் அதிகாரி வந்து 'கூடாது' என்று சொன்னால் எதிரில் தலையை ஆட்டிவிட்டு, ஜீப் போனதும் டப்பாவைத் திறக்கிறவர்களும் உண்டு. அதனால் மெத்தை வந்த கதையையும், மூட்டைப்பூச்சியோடு உலகம் போட்ட சண்டையையும் விவரமாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் ஜனங்களில் பெரும்பாலோர் பாயில் படுத்தவர்கள். கோரைப்பாய், ஓலைப்பாய், மிஞ்சினால் ஒரு ஜமுக்காளம். பொழுது விடிந்ததும் பாயை உதறிச் சுருட்டி மூலையில் நிறுத்தி வைப்பார்கள். தினமும் உதறி, தினமும் காற்றுப் பட்டால் பூச்சி எங்கே தங்கும்? மெத்தை என்பது வசதி உள்ள வீட்டுச் சமாசாரம், அல்லது கல்யாணச் சீர்வரிசையில் கட்டிலோடு வருவது. அதற்காக மெத்தையே நமக்குப் புதுசு என்று நினைக்க வேண்டாம். 'பஞ்ச சயனம்' என்ற சொல் திருப்பாவையிலேயே இருக்கிறது. ஐந்து வகைப் பொருளால் ஆன படுக்கை என்று அதற்கு உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். அந்த ஐந்து எவை என்பதில் எல்லாரும் ஒரே பட்டியலைத் தரவில்லை. அன்னத்தின் தூவி, வெண்பஞ்சு, செம்பஞ்சு, இலவம்பஞ்சு என்றெல்லாம் வருகிறது. ஒரு பழைய பட்டியலில் சிறுபூளையும் இருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே பூளைப்பூதான். மேட்டு நிலத்துக் களையைக்கூடப் படுக்கைக்குள் அடைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இலவு என்றால் நம்மிடம் இரண்டு மரம். சிவப்புப் பூப் பூத்து, அடிமரத்தில் முள் வைக்கிற முள்ளிலவு நம் காட்டு மரம். இன்று மெத்தைக்குப் பஞ்சு தருகிற வெள்ளை இலவம் வேறு. அதன் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பக் காடுகளும் மேற்கு ஆப்பிரிக்காவும். அங்கிருந்து பரவி ஜாவாத் தீவில் பெரும் சாகுபடியாகி, நம் பக்கத்திலும் நிலைத்துவிட்டது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் வட்டாரத்துக்குப் போனால் இலவம்பஞ்சு வியாபாரம் நடக்கிறதைப் பார்க்கலாம். 'இலவு காத்த கிளி' என்று ஏமாந்தவனைச் சொல்லுவோம். பழம் ஆகும் என்று காத்திருந்த கிளிக்குக் காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் ஏமாற்றம்தான். மரம் வைத்தவனுக்கு அந்தப் பஞ்சுதானே காசு?

இந்தப் பஞ்சின் குணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மெத்தையை எப்படி வைத்துக்கொள்வது என்கிற விஷயம் முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது.

பருத்தி இழை விதையின் தோலிலிருந்து முளைக்கிறது. இலவம் இழை காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. அதனால்தான் கொட்டையைப் பிரிப்பது சுலபம். நுனியில் குறுக்குக் கட்டை வைத்த கழியால் மத்துக் கடைகிற மாதிரி கடைந்தாலே கொட்டை அடியில் தங்கிவிடும். இழையின் நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர். உள்ளே குழல் மாதிரி வெற்றிடம். இழையின் பருமனில் ஐந்தில் நாலு பங்கு வெறும் காற்றுதான். மேலே மெழுகு பூசியது போன்ற வழவழப்பு. அதனால் நூல் நூற்க வராது, பிடிப்பு இல்லாமல் வழுக்கும். ஆனால் அதே மெழுகினால் தண்ணீர் ஒட்டாது, அதே காற்றினால் கனம் இருக்காது. இழையின் சுவர் மிக மெல்லியது. ஆகவே அழுத்தி அழுத்தி வைத்தால் ஒடியும். ஒடிந்த இழைதான் பழைய மெத்தையைத் தட்டும்போது பறக்கிற தூசு.

இந்தக் குணத்தை உலகம் கண்டுகொண்ட விதமே தனிக் கதை. தன் எடையைப் போல முப்பது மடங்கு வரை பாரத்தைத் தண்ணீரில் மிதக்க வைக்கக் கூடியது இலவம்பஞ்சு. கப்பலில் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். அதற்கான பஞ்சு பெரும்பாலும், டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில், ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனது. பஞ்சு வரத்து நின்றது. அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? நம் எருக்குக்குச் சொந்தமான ஒரு பால்செடி அந்த ஊர் வயலோரங்களில் களையாக முளைக்கும். எருக்கங்காய் வெடித்தால் பஞ்சு பறக்கும் இல்லையா, அதே மாதிரி அதன் காயிலும் பஞ்சு உண்டு. 1944-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கோணிப்பையோடு அனுப்பி அந்தக் காய்களைப் பொறுக்கி வரச் சொன்னார்கள். மிச்சிகன் மாநிலத்தில் பெட்டோஸ்கி என்ற ஊரில் அதைப் பக்குவம் செய்ய ஆலையே நடந்தது. களைச்செடியின் பஞ்சு சிப்பாய்களின் உயிரைக் காத்தது.

காற்றும் மெழுகும் இருக்கிற வரைக்கும்தான் அது பஞ்சு. நம் பாட்டிமார்கள் மெத்தைக்குச் செய்த பராமரிப்பெல்லாம் அந்த இரண்டையும் காப்பாற்றுகிற வேலைதான். அவர்கள் அதை விளக்கிச் சொன்னதில்லை, செய்தார்கள். வெயில் நாளில் மெத்தையைத் தூக்கித் திண்ணையிலோ மாடியிலோ போடுவது, பிரம்பால் தட்டுவது, தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுவது, சில வருஷத்துக்கு ஒருமுறை தையலைப் பிரித்துப் பஞ்சை உலர்த்தித் திரும்ப அடைப்பது, இவ்வளவுதான். இதற்கென்றே தெருவில் ஆள் வருவார். தோளில் ஆளுயர வில், நரம்பு நாண், கையில் மரக்கொட்டாப்புளி. நாணைத் தட்டினால் 'டொய்ங், டொய்ங்' என்று தெருக்கோடி வரை கேட்கும். பஞ்சு கொட்டுகிறவர் வந்துவிட்டார் என்று குழந்தைகள் ஓடுவார்கள். வில் முக்கியமாகப் பருத்திப் பஞ்சுக்கு ஏற்பட்டது. விவரம் தெரிந்தவர் இலவம்பஞ்சை வில்லில் போட்டு வதைக்க மாட்டார், மெல்லிய பிரம்பால் தட்டி உதிர்த்துவிடுவார். இப்போது அவர்களைக் காண்பதே அபூர்வம். அவர்களோடு சேர்ந்து, மெத்தையைப் பிரிக்கலாம் என்கிற நினைப்பும் பல வீடுகளில் போய்விட்டது.

இனி மூட்டைப்பூச்சிக்கு வருவோம்.

இது மெத்தையில் பிறக்கிற பூச்சி இல்லை. மனிதன் ரத்தத்தைக் குடித்துவிட்டு மெத்தைத் தையலிலும் கட்டில் பொருத்திலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்துகொள்கிற பூச்சி. பெண் பூச்சி நாளுக்கு ஒன்று முதல் ஐந்து முட்டை வரை வைக்கும். ஆயுளில் இருநூறு முட்டைக்கும் மேல் வைக்க வல்லது. ரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு யாத்திரை போய் வந்தாலும் அது பசியோடு காத்திருக்கும்!

இதை ஒழிக்கக் கட்டிலை வெளியே போட்டுப் பொருத்துகளில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றுவது நம் வழக்கம். ஐரோப்பாவில் பல்கேரியா, செர்பியா பக்கத்துக் குடியானவர்கள் வேறொன்று செய்தார்கள். நம் மலைத் தோட்டங்களில் போடுகிறோமே பீன்ஸ், அந்த இலையைப் பறித்து ராத்திரி கட்டிலைச் சுற்றித் தரையில் பரப்பினார்கள். காலையில் பார்த்தால் இலை முழுக்க மூட்டைப்பூச்சி மாட்டிக் கிடக்கும். கூட்டி அள்ளி நெருப்பில் போட்டுவிடுவார்கள். இதை வெறும் கிராமத்துக் கதை என்று ஒதுக்காமல் அமெரிக்க விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2013-ல் விவரம் வெளியிட்டார்கள். பீன்ஸ் இலையில் கொக்கி மாதிரி வளைந்த நுண்ணிய மயிர் இருக்கிறது. பூச்சி நடக்கும்போது அந்தக் கொக்கி அதன் காலைக் குத்திப் பிடித்துக்கொள்கிறது. மருந்தும் இல்லை, வாசனையும் இல்லை, வெறும் முள்தான்.

இந்த வழக்கங்களையெல்லாம் ஒரே அடியில் ஓரம்கட்டியது டி.டி.டி. 1874-லேயே ஒருவர் அதைச் சோதனைச் சாலையில் தயாரித்துவிட்டார். பூச்சியைக் கொல்லும் என்பது மட்டும் 1939-ல்தான் தெரியவந்தது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் கண்டுபிடித்தார். 1948-ல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். பரிசு கொடுத்ததில் தப்பில்லை, டைபஸ் காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்கி லட்சோபலட்சம் பேரைக் காத்த மருந்து அது. கட்டிலில் ஒரு தடவை தெளித்தால் மாதக்கணக்கில் மூட்டைப்பூச்சி தலைகாட்டவில்லை. உலகமே மகிழ்ந்தது.

எத்தனை நாள் மகிழ்ந்தது? ஹவாய்த் தீவில் பேர்ல் துறைமுகத்துக் கடற்படைக் குடியிருப்பில் 1947-லேயே டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சி கிளம்பிவிட்டது. நோபல் பரிசு மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே பூச்சி ஜெயித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். நம் நாட்டில் 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. தெளித்தார்கள். கொசுவுக்காகத் தெளித்தது மூட்டைப்பூச்சி மேலும் பட்டது. பலவீனமான பூச்சி செத்தது, தாங்கிய பூச்சி குட்டி போட்டது. மூட்டைப்பூச்சி குறையவில்லை என்று ஜனங்கள் தெளிப்பு ஆட்களையே வீட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பிய இடங்களும் உண்டு.

பருத்தியில் காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் எந்த மருந்துக்கும் அசையாத புழுவைப் பார்த்தவர்கள் நீங்கள். கட்டிலில் நடந்ததும் அதே கதைதான். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு பணக்கார நாடுகளின் ஓட்டல்களில்கூட மூட்டைப்பூச்சி திரும்பவும் பெருகியிருக்கிறது. அதில் பெரும்பகுதி இன்றைய பைரித்ராய்டு மருந்துகளுக்கும் அடங்காத பூச்சி. டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த 1989-ல் நம் நாட்டில் தடை வந்தது.

பூச்சி சாகவில்லை, சரி. மனிதனுக்கு என்ன ஆகும்? 1958-ல் பக்கத்து மாநிலமான கேரளத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். பாரத்தியான் என்ற பூச்சிமருந்து, ஏற்றிவந்த இடத்தில் கோதுமையில் கலந்துவிட்டது. அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு குழு அமைத்தது, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. மருந்து டப்பாவில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று அச்சடித்திருப்பதும், விஷத்தின் கடுமையைக் காட்ட முக்கோணத்தில் நிறம் போட்டிருப்பதும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். அந்தக் கட்டத்தில் 'மெத்தை' என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா, படித்துப் பாருங்கள்.

நாம் இதை 'மருந்து' என்று சொல்லிப் பழகியதே ஒரு தொல்லை என்று எனக்குப் படுகிறது. 'பூச்சி விஷம்' என்று சொல்லிப் பழகியிருந்தால் மெத்தையில் தெளிக்க யாருக்கும் கை வருமா? வயலில் அடித்தால் வெயிலும் மழையும் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அறுவடைக்கு முன் இத்தனை நாள் என்று கணக்கும் உண்டு. மெத்தைக்குள் போனால்? பஞ்சைக் கழுவ முடியாது. எட்டு மணி நேரம் உடம்பு அதன்மேல் கிடக்கிறது. வியர்வை வேறு ஊறுகிறது. பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் போகக் கூடியவை. பெரியவனுக்குத் தலைவலியோடு போகிறது கைக்குழந்தைக்கு உயிருக்கே வந்துவிடும். அப்படித் தெளித்த மெத்தை வீட்டில் இருந்தால் இன்று ராத்திரி அதில் யாரும் படுக்க வேண்டாம். அடுப்பில் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம், புகையும் விஷம். படுத்து எழுந்தவருக்கு வாயில் எச்சில் ஊறுவது, வாந்தி, கண்மணி சுருங்குவது, மூச்சுத் திணறுவது என்று எது தெரிந்தாலும் துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியானால் மூட்டைப்பூச்சிக்கு வழி? சூடுதான். 48 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் பூச்சி முட்டையோடு சாகும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு வந்துவிட்டால் போதாது. மேல்பக்கம் சுடும்போது பூச்சி நைசாக அடிப்பக்க நிழலுக்கு நழுவிவிடும், பஞ்சு சூட்டை உள்ளே விடாது. ஆகவே தளம் நன்றாகச் சுட்ட பிறகு, பதினோரு மணிக்குப் போட்டு, மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். தையல் ஓரங்களையும் நடு முடிச்சுகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, விழுகிறதை வெந்நீரில் தள்ளுங்கள். தலையணை உறை, போர்வை எல்லாம் கொதிநீரில். அதே நாளில் கட்டில் பொருத்துகளுக்கும் வெந்நீர் ஊற்றாவிட்டால் மெத்தைக்குச் செய்தது வீண். முட்டை பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறையாக நாலு வாரம் விடாமல் செய்ய வேண்டும். சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்துவிடுங்கள்.

வெயிலில் போடுவதற்கு இன்னொரு பலனும் உண்டு, அது சமீபத்தில்தான் விளங்கியது. வீட்டுத் தூசியால் சிலருக்கு இழுப்பு வருவது ஏன் என்று டாக்டர்கள் ரொம்ப காலம் தேடினார்கள். 1964-ல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், படுக்கைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வாழ்வதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் துணுக்குத்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் போனால் அதுவும் போயிற்று. மெத்தையைத் தட்டும்போது இழுப்பு உள்ளவரையும் குழந்தைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், தட்டுகிறவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும்.

குழந்தை மெத்தையை நனைத்துவிட்டால் சோப்புத் தண்ணீரைக் கொட்டித் தேய்க்கிறார்கள். அது தப்பு. வெறும் தண்ணீர் என்றால் மெழுகு தடுக்கும். சோப்பு சேர்ந்தால் தண்ணீர் பஞ்சுக்குள்ளேயே புகுந்துவிடும், அப்புறம் மக்கல் வாடைதான். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, அந்த இடத்துத் தையலை ஒரு சாண் பிரித்து, நனைந்த பஞ்சை வெளியே எடுத்து நிழலும் வெயிலுமாகக் காயவைத்துத் திரும்ப அடைத்துவிடுங்கள். கோணி ஊசியும் கெட்டி நூலும் வீட்டில் இருந்தால் கால் மணி நேர வேலை. காற்றும் மெழுகும் சேர்ந்த பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். படுத்துக்கொண்டு பீடி குடிக்கிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கின நுரை மெத்தைக்கும், ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தைக்கும் இந்த வெயில் வைத்தியம் ஒத்துவராது. கடும் வெயிலில் நுரை மஞ்சளாகிப் பொடியும், ரப்பர் இறுகி வெடிக்கும். அவற்றை நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தி வைத்தால் போதும். அவற்றைப் பிரித்து அடைக்கவும் முடியாது, உட்கார்ந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். இலவம் மெத்தை அப்படியில்லை. பஞ்சு பாதி தூசாகிப் போனாலும், நல்லதைப் பிரித்துப் புதுசு கொஞ்சம் சேர்த்தால் மெத்தை மறுபடி எழுந்துகொள்ளும்.

புதுப் பஞ்சு மாசி, பங்குனி தொடங்கி வெயில் காலத்தில் வரும். வாங்கும்போது கையால் அழுத்திவிட்டு விடுங்கள், உடனே பொங்கி எழ வேண்டும். கொட்டையும் காம்பும் கலந்திருந்தால் எடைதான் கூடும், எலியும் தேடி வரும். பருத்திக் கழிவைக் கலந்து விற்கிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கடைக்காரர் எதிரிலேயே ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி பஞ்சைப் போட்டு, அழுத்தி விட்டுப் பாருங்கள். இலவம் மேலேயே கிடக்கும். கழிவுப் பஞ்சு ஊறிக்கொண்டு மெள்ள அடியில் இறங்கிவிடும்.